இ-ரீடருக்கு மாறலாமா? கடைசியாகப் படித்து முடித்த இருபது புத்தகங்களை எண்ணிப் பாருங்கள்

கேள்வி இது: “வீட்டில் புத்தகம் வைக்க இனி இடமில்லை. நாற்பதைத் தாண்டியதிலிருந்து பொடி எழுத்து படிக்கச் சிரமமாக இருக்கிறது. படிப்பதில் பாதிக்கு மேல் தமிழ். அச்சுப் புத்தகங்களை விட்டுவிட்டு இ-ரீடருக்கு முழுசாக மாறிவிடலாமா?”

முழுசாக மாற வேண்டாம். பாதிக்கு மேல் மாறலாம். எந்தப் பாதி என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. அதற்குக் கருவிகளை ஒப்பிடும் பட்டியல் உதவாது, உங்கள் வாசிப்பின் பட்டியல்தான் உதவும்.

ஒரு தாளை எடுத்து, கடைசியாகப் படித்து முடித்த இருபது புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். வாங்கி அடுக்கியவை கணக்கில் வராது, முடித்தவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறிப்பு போடுங்கள். முதலாவது, அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் படித்தீர்களா, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் படித்தீர்களா? இரண்டாவது, அது மின்னூலாகக் கிடைக்கிறதா, கிடைத்தால் எழுத்தாகவா, பக்கத்தை ஸ்கேன் செய்த படமாகவா? இதை இ-ரீடர் வாங்காமலே செல்பேசியில் தேடிப் பார்த்துவிடலாம்.

“நேராகப் படித்தது, எழுத்தாகக் கிடைக்கிறது” என்று இருபதில் பதினான்கு பதினைந்து தேறினால் தயங்காமல் வாங்குங்கள். ஏழு எட்டுதான் தேறுகிறது என்றால் கருவி இரண்டு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். இடையில் நின்றால், கீழே சொல்லும் தமிழ்ச் சிக்கலையும் பிடிஎஃப் சிக்கலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு ஏமாற்றம் வருவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

முதலில் திரை. இ-ரீடர் என்றால் இ-இங்க் திரை உள்ள கருவி. டேப்லெட் வேறு, இது வேறு. இ-இங்க் திரைக்குள் தலைமுடித் தடிமன் அளவே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் நேர்மின்னூட்டம் பெற்ற வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னூட்டம் பெற்ற கறுப்புத் துகள்களும். அடியிலிருந்து மின்புலம் கொடுக்கும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நின்றுவிடும். அதைப் பிடித்து வைக்க மின்சாரம் தேவையில்லை, பக்கம் மாறும்போதுதான் தேவை. மின்கலம் நாள்கணக்கில் தாங்குவது இதனால்தான். வெயிலில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. அச்சுத்தாளைப் போலவே இதுவும் மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

2004-இல் சோனி ஜப்பானில் விற்ற லிப்ரியே இந்தத் திரையோடு வந்த முதல் கருவி. அமேசானின் கிண்டில் வந்தது 2007 நவம்பரில். அந்த நாள் திரைகள் சாம்பல் பூத்து, பக்கம் மாற நேரம் எடுத்தன. அதைப் பார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள் இப்போது ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது இன்று சாதாரணம். அந்த அடர்த்தியில் ‘ண’வின் சுழிகள் தனித்தனியாகத் தெரியும். இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இ-இங்கின் வெள்ளை, நல்ல அச்சுத்தாளின் வெள்ளை ஆகாது. செய்தித்தாளின் நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மங்கலான அறையில், உள்விளக்கு இல்லாமல், அச்சுப் புத்தகம்தான் நன்றாகத் தெரியும்.

அதற்காகத்தான் உள்விளக்கு. செல்பேசியில் ஒளி திரைக்குப் பின்னாலிருந்து நேராகக் கண்ணுக்குள் வருகிறது. இ-ரீடரில் திரையின் ஓரத்தில் சின்னச் சின்ன எல்இடிகள் இருக்கும். மேலே ஒட்டிய மெல்லிய தகடு அந்த ஒளியைப் பரப்பித் திரையின் மேல் விழவைக்கும், அங்கிருந்து பட்டுத் திரும்புவதுதான் நமக்கு வருகிறது. இதை எல்லோரும் தேவைக்கு அதிகமாக வைத்துக்கொண்டு கண் வலிக்கிறது என்கிறார்கள். சரியான அளவுக்கு ஒரு வழி: பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, திரை அந்தத் தாளின் பிரகாசத்துக்கு வரும்வரை விளக்கைக் குறையுங்கள். திரை “எரிவது” போலத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். இரவுக்கு மஞ்சள் ஒளிக்கு மாற்றும் வசதி உள்ள கருவியாக வாங்குங்கள். தூக்கம் கெடும் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒளிரும் டேப்லெட்டை வைத்து நடந்தது. அதை அப்படியே குறைந்த ஒளியில் வைத்த இ-ரீடருக்குப் பொருத்த முடியாது.

இனி தமிழ். இதைத்தான் யாரும் வாங்குமுன் யோசிப்பதில்லை.

ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 91 மில்லிமீட்டர். இரண்டு ஓரமும் போக எழுத்துக்கு 80 மில்லிமீட்டர் மிஞ்சும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குத் தோதாக எழுத்தைப் பெரிதாக்கி, அச்சில் 14 பாயிண்ட் அளவுக்குக் கொண்டுபோனால், வரிக்கு இரண்டு மூன்று தமிழ்ச்சொல்தான் கொள்ளும். ‘வந்துகொண்டிருந்தபோது’ ஒன்றே வரியில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் நீண்ட சொல்லை இணைகோடு போட்டு அடுத்த வரிக்கு உடைப்பார்கள். தமிழ் மின்னூல்களில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அதனால் சொல் முழுசாகக் கீழே குதிக்கும். இரண்டு பக்கமும் நேராக நிற்கும்படி வரியை இழுத்துக் கட்டியிருந்தால், மீதிச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். கண் அந்த ஓட்டைகளில் தடுக்கித் தடுக்கிப் போகும். “தமிழை இதில் படிக்கவே பிடிக்கவில்லை” என்று சொல்பவர்களில் பலருக்கு உறுத்தியது இதுதான், ஆனால் திரையைக் குறை சொல்வார்கள்.

சரிசெய்யும் வழிகள் உண்டு. வரிகளை இடப்பக்கம் மட்டும் நேராக்கும் அமைப்புக்கு மாறுங்கள், வலப்பக்கம் கோணலாக நிற்கட்டும். பழகிவிடும். ஓர இடைவெளியை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். எழுத்தை இன்னொரு படி பெரிதாக்குவதற்கு முன், தடிமனை ஒரு படி கூட்டிப் பாருங்கள். மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துருவில் கண்ணைச் சிரமப்படுத்துவது பெரும்பாலும் கோட்டின் மெலிவுதான், அளவு இல்லை. அதுவும் போதாவிட்டால் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், அகலம் 91-இலிருந்து 122 மில்லிமீட்டர் ஆகும். இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, தமிழ் அதிகம் படிப்பவர், அதுவும் பெரிய எழுத்தில் படிப்பவர், ஆறு அங்குலத்தை விட்டு ஏழு அல்லது அதற்கு மேல் போவது நல்லது. 7.8 அங்குலத் திரையின் அகலம் 119 மில்லிமீட்டர். அந்த 28 மில்லிமீட்டர் தமிழுக்குத் தரும் நிம்மதியை ஆங்கிலம் மட்டும் படிப்பவர் உணரமாட்டார்.

அடுத்து, எழுத்தே சரியாக வருமா? ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டிய கோப்பில் அது பெரும்பாலும் ‘க’ என்ற எழுத்தும் ‘ொ’ என்ற ஒரே குறியுமாகப் பதிவாகியிருக்கும். காட்டும் மென்பொருள்தான் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். தெரியாத மென்பொருள் கொம்பைத் தவறான இடத்தில் போடும், இல்லாவிட்டால் புள்ளிகளால் ஆன வெற்று வட்டத்தை நடுவில் நுழைத்துவிடும். எந்தக் கருவியை வாங்க நினைத்தாலும் ‘கொக்கு, கௌரவம், வைகை, ஸ்ரீ, லக்ஷ்மி’ என்ற ஐந்து சொல்லையும் ஒரு கோப்பில் தட்டி, அதில் திறந்து பாருங்கள். ஐந்தும் ஒழுங்காக வந்தால் தமிழ் வரும். கிண்டில் கடையில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்கள் அதிகாரபூர்வமாக விற்பனையில் இருக்கின்றன. அங்கே வாங்கும் நூல்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. வெளியிலிருந்து நாமே ஏற்றும் கோப்புகளில்தான் வரும். எழுத்துரு பிடிக்கவில்லை என்றால், கிண்டிலிலும், அதற்குப் போட்டியான கோபோ இ-ரீடரிலும் கருவியைக் கணினியோடு இணைத்து, எழுத்துருக்களுக்கான கோப்புறையில் நமக்குப் பிடித்த யூனிகோடு எழுத்துருக் கோப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

பழைய தமிழ்க் கோப்புகள் தனிக் கதை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, பாமினி என்று எத்தனையோ குறியீடுகளில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். குறியீடு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் அத்தனை எழுத்தும் திரும்பி வரும். செவ்விலக்கியங்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொகுப்பு இருக்கிறது, இலவசம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் பல நூல்களை இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு வடிவத்திலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃபாகவும் கொடுக்கிறார்கள். நல்ல தன்னார்வலர்கள் பொறுமையாகச் செய்த வேலை. கருவி வாங்கியதும் முதலில் இவற்றை ஏற்றிப் படியுங்கள்.

அகராதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலச் சொல்லின் மேல் விரலை வைத்தால் பொருள் வருவது இ-ரீடரின் பெரிய வரம். ஆங்கிலத்தில் தடுமாறிப் படிப்பவர்களுக்கு இதற்காகவே வாங்கித் தரலாம். தமிழில் அதே எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான். ‘கண்டவர்க்கெல்லாம்’ என்பதைத் தொட்டால், வேற்றுமை உருபையும் ஒட்டையும் உரித்து ‘காண்’ என்ற வேர்ச்சொல்லுக்குப் போகும் அறிவு சாதாரண அகராதிக் கோப்புக்கு இல்லை.

அடுத்த பெரிய பள்ளம், பிடிஎஃப். “என்னிடம் ஐந்நூறு பிடிஎஃப் இருக்கிறது, அதற்காகத்தான் வாங்குகிறேன்” என்பவர்கள் தயவுசெய்து இங்கே நின்று கணக்குப் போடுங்கள்.

இபப் கோப்பில் எழுத்து தண்ணீர் மாதிரி, எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவுக்கு வரும். பிடிஎஃப் பனிக்கட்டி மாதிரி. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அதை 91 மில்லிமீட்டர் திரைக்குள் அடைத்தால் எல்லாமே 43 விழுக்காடாகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் பொடி எழுத்து. சாதாரண நாவல் அளவான 140 மில்லிமீட்டர் அகலப் பக்கம் 65 விழுக்காடாகும். 11 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்ட். இதையும் வெள்ளெழுத்துக் கண்ணால் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி 108 மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்போது சுருக்கம் 84 விழுக்காடு, எழுத்து 9 பாயிண்ட். படிக்கலாம். ஆகவே நாவல் அளவுள்ள பிடிஎஃபுக்கு ஓரம் வெட்டும் வசதி பாதி உயிரைக் காப்பாற்றும், ஏ4-க்குக் காப்பாற்றாது. ஏ4 ஆவணங்களே முக்கியம் என்றால் 10.3 அங்குலம் (157 மில்லிமீட்டர் அகலம்) குறைந்தபட்சம். ஏறத்தாழ ஏ4 அகலமே வேண்டுமென்றால் 13.3 அங்குலம். அவை கனமும் கூட, விலையும் கூட. அந்த நிலையில் ஒரு டேப்லெட்டே போதுமா என்று யோசிப்பது நியாயம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃபை இபப்பாக மாற்றலாமே என்பார்கள். காலிபர் என்ற இலவச மென்பொருள் மின்னூல் மாற்றத்துக்கு அருமையானது, 2006 முதல் வளர்ந்து வருகிறது. ஆனால் ஸ்கேன் என்பது புகைப்படம், அதற்குள் எழுத்து இல்லை. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (OCR) மென்பொருள் கொண்டு முதலில் எழுத்தாக்க வேண்டும், பிறகு வரி வரியாகப் பிழை திருத்த வேண்டும். மங்கிய பழைய அச்சில் ‘ர’வும் ‘ா’வும், ‘எ’யும் ‘ஏ’யும் குழம்பும். இருநூறு பக்க நூலுக்கு இது பல நாள் வேலை. எழுத்தாக்காமல் பக்கத்தின் படத்தையே சொல் சொல்லாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும் ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்ற கருவியும் உண்டு. நேராக ஸ்கேன் செய்த பக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். பக்கம் சாய்ந்திருந்தாலோ, வரிகள் நெருங்கியிருந்தாலோ மேல்வரியின் உகரக் கொக்கியும் கீழ்வரியின் மெய்ப்புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெட்டு தப்பாக விழும். பத்துப் பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழு நூலில் இறங்குங்கள்.

அச்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டியவை எவை? உரையோடு கூடிய இலக்கியம் முதலில். அச்சில் மேலே பாட்டு, கீழே பதவுரை, அதன் கீழே விளக்கம் என்று ஒரே பார்வையில் நிற்கும். இ-ரீடரில் பாட்டு ஒரு திரை, பதவுரை அடுத்த திரை, விளக்கம் மூன்றாவது. விளக்கம் படிக்கும்போது பாட்டின் இரண்டாம் அடி என்ன என்று பார்க்க இரண்டு முறை பின்னால் போய்த் திரும்ப வேண்டும். வெண்பாவின் நாற்சீர் அடியே பெரிய எழுத்தில் இரண்டாக மடிந்து, அடி எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போகும். பாட்டைப் பாட்டாகப் பார்க்கிற கண்ணுக்கு அது வருத்தம். புதுக்கவிதைக்கும் இதே கதிதான், அங்கே வரி உடையும் இடமே அர்த்தம். அப்புறம் பாடப்புத்தகங்கள், வரைபடங்கள், ஓவிய நூல்கள், குழந்தைகளின் படப்புத்தகங்கள், அடிக்கடி புரட்டிப் பார்க்கும் கையேடுகள். ஆய்வுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தர வேண்டிய நூல்களும் அச்சில் இருப்பது நல்லது, எல்லா மின்னூலிலும் அச்சுப் பக்க எண் இருப்பதில்லை.

மனத்தில் பதிவதைப் பற்றியும் கேட்பீர்கள். 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரையிலும், நேர நெருக்கடியோடு படிக்கும்போதும் அச்சில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதல். கதை மட்டும் படித்தபோது வேறுபாடு தெரியவில்லை. அதில் பெரும்பாலும் கணினித் திரைகள். கிண்டிலையே வைத்து, நார்வேயின் ஸ்டாவாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனி மாங்கனும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எந்த நிகழ்ச்சி முன்னால், எது பின்னால் என்ற வரிசையில் மட்டும் அச்சில் படித்தவர்கள் மேல். இடக்கையில் படித்த பக்கங்கள் தடித்துக்கொண்டே வருவதும் வலக்கையில் மெலிந்துகொண்டே போவதும், கதையில் எங்கே இருக்கிறோம் என்று கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இ-ரீடரில் 43 விழுக்காடு என்ற எண்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர் அச்சில் படியுங்கள். நாவல் படிப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது சொத்துரிமை. அச்சுப் புத்தகம் உங்களுடையது. படிக்கலாம், இரவல் தரலாம், விற்கலாம், பேத்திக்கு விட்டுப்போகலாம். கடையில் “வாங்கும்” மின்னூலில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது, பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நூல்களைத் தர முடியவில்லை. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் நிறுத்திவிட்டது. இதெல்லாம் தெரிந்தும் வாங்கலாம். ஒருமுறை படித்துவிட்டு மறக்கும் நூலுக்கு இது பெரிய விஷயமே இல்லை. வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுக்கப்போகும் நூலை மட்டும் அச்சில் வாங்குங்கள், அல்லது பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இபப்பாக விற்கும் இடத்தில் வாங்கி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

எந்தக் கருவி என்பதில் நான் அதிகம் நேரம் செலவிட மாட்டேன். உங்கள் இருபது புத்தகப் பட்டியலில் உள்ள நூல்கள் எந்தக் கடையில் அதிகம் கிடைக்கின்றனவோ அந்தக் கடையின் கருவி. தமிழ்ப் புதுநூல்கள் பெரும்பாலும் கிண்டில் கடையில்தான் என்று பட்டியல் சொன்னால் கோபோவின் மற்றச் சிறப்புகள் பயன்படாது. சொந்தக் கோப்புகள்தான் அதிகம் என்றால் கோபோ எளிது, இபப்பை நேராகத் திறக்கும். கிண்டிலில் இபப் கோப்பைக் கேபிள் வழியாகப் போட்டால் திறக்காது, ‘சென்ட் டு கிண்டில்’ என்ற அமேசான் சேவை வழியாக அனுப்பினால் அதுவே மாற்றிக்கொள்ளும். 16 ஜிபி தாராளம், எழுத்து மட்டும் உள்ள நாவல் ஓரிரு எம்பிதான். வண்ணத் திரையைத் தவிர்க்கலாம்: கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ண வடிகட்டியை ஒட்டித்தான் அதைச் செய்கிறார்கள், பின்னணி இன்னும் மங்கும், வண்ணத்தில் தெளிவு 300-இலிருந்து 150 புள்ளியாகக் குறையும். பக்கம் திருப்பப் பக்கவாட்டில் பொத்தான் உள்ள கருவி கிடைத்தால் எடுங்கள். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிப்பவருக்கும் விரல் மூட்டு வலிப்பவருக்கும் அது பெரிய உதவி. கருவி ஏறத்தாழ 200 கிராம்தான் இருக்கும், எழுநூறு பக்க நாவலை நெஞ்சின் மேல் தூக்கிப் பிடித்தவருக்கு அதன் அருமை தெரியும்.

மின்கலத்தின் “ஆறு வாரம்” என்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கைக் குறைத்துப் படிக்கும் கணக்கு. பெருக்கினால் 21 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பவருக்குப் பத்து நாள். புதிதாக வாங்கி ஒரே நாளில் ஐந்நூறு நூலை ஏற்றினால் முதல் இரண்டு நாள் மின்கலம் மளமளவென்று இறங்கும். கருவி ஒவ்வொரு நூலுக்கும் தேடல் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கும். பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், சார்ஜில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிவதும் பழுதில்லை. துகள்கள் முழுசாக இடம் மாறாததால் வருவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையை முழுசாகப் புதுப்பிக்கும் அமைப்பைப் போட்டால் போய்விடும். கடுங்குளிரில் பக்கம் மந்தமாக மாறுவதும் இயல்பு, குளிரில் குமிழுக்குள் திரவம் கெட்டியாகித் துகள்கள் மெதுவாக நகரும்.

உண்மையான ஆபத்து ஒன்றுதான்: திரை உடைவது. பெரும்பாலான இ-ரீடர்களில் மேல்பரப்பு நெகிழியாக இருந்தாலும் உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பையில் தண்ணீர்ப் புட்டியோ சாவிக்கொத்தோ அழுத்தினால் போதும், படுக்கையில் அதன் மேல் புரண்டால் போதும். வெளியே கீறல்கூட இருக்காது. திறந்தால் பாதிப் பக்கம் பழைய பக்கத்திலேயே உறைந்து நிற்கும், நடுவில் கோடுகள் ஓடும். திரையை மாற்றும் செலவு பெரும்பாலும் புதுக் கருவிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். முன்பக்கம் கெட்டியான அட்டை உள்ள உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள், பையில் இரண்டு புத்தகத்துக்கு நடுவே வையுங்கள்.

மாறும் விதம். அலமாரியை உடனே காலி செய்யாதீர்கள். முதல் மாதம், ஏற்கனவே பிடித்த எழுத்தாளரின் படிக்காத நாவல் ஒன்றை மட்டும் இ-ரீடரில் படியுங்கள். முதல் இரண்டு நாள் எழுத்தளவு, தடிமன், ஓரம், விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்வதிலேயே போகும், அது போகட்டும். மூன்று மாதம் கழித்துப் பட்டியலை மறுபடி எடுங்கள். கருவியில் நிம்மதியாகப் படிக்க முடிந்த வகை நூல்களில், மின்னூலாகவும் கிடைப்பவை, திரும்ப எடுக்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவை எவையோ அவற்றை மட்டும் நூலகத்துக்கோ நண்பருக்கோ கொடுங்கள். பென்சிலில் குறிப்பெழுதிய பிரதிகளையும் மறுபதிப்பு வராத நூல்களையும் தொடாதீர்கள், அவற்றுக்கு மாற்று கிடையாது. கருவியில் அடிக்கோடிடும் வரிகள் கிண்டிலில் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபிளை மாட்டி அதைக் கணினிக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.